ரூபனுக்கு வைத்த சோறு

எங்கள் ஆய்வுப் பிரிவில் இனிமேல் வீடு வீடாகப் போகும் வேலை இல்லையாம். நிரோஷா ஃபோனில் சொன்னாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி. "அன்ரி, இனி அவையே சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புவினம். நாங்கள் கந்தோரில இருந்துகொண்டே பாக்கலாம். வெயிலில அலையத் தேவையில்லை" என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம். பிறகு, பழைய ஆட்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று நாலு பக்கம் எழுதித் தரமுடியுமா என்றும் கேட்டாள். "ஓம் பிள்ளை, எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்ததும் மனம் கனத்துப் போனது. வெயிலில் அலைந்த நாட்களை நினைத்து ஏங்குகிறவள் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலு பக்கத்தில் அடங்குமோ தெரியாது. எழுதுகிறேன்.

நான் திருகோணமலைப் பட்டணத்தோடு ஒட்டின பாலையூற்றுக்காரி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, ஆட்களை எண்ணுகிற வேலை, கிணறுகளை எண்ணுகிற வேலை, காய்ச்சல்காரரை எண்ணுகிற வேலை என்று பலதில் இழுபட்டுக் கடைசியில் இந்தப் பிரிவுக்குக் கள உத்தியோகத்தராக வந்து சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மண்டபத்தில் கொஞ்சநாள் உட்கார்த்தி வைத்தார்கள். மின்விசிறிக்குக் கீழே நித்திரை வந்தது. உண்மையான பயிற்சி ஆய்வை நடத்திய டொக்டர் அருளானந்தத்திடம்தான் கிடைத்தது.

எங்களுக்குத் தரப்பட்ட ஆய்வு இதுதான். சீனி வருத்தமும் பருத்த உடம்பும் உள்ள பெண்கள் சோற்றைக் குறைத்து, மரக்கறியைக் கூட்டி, தினமும் நடந்தால் உடல் நிறையும் இரத்தத்தில் சீனியும் எவ்வளவு இறங்கும் என்று பார்ப்பது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்துக்கு வந்து செய்து பார்த்தால் தெரியும். இங்கே ஒரு பெண் மெலிந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள். "என்ன பிள்ளை, வத்திப்போனாய், வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்றுதான் கேட்பார்கள். அகதி முகாம்களில் இருந்து மீண்டு வந்த ஊர்களில் இன்னும் மோசம். அங்கே உடம்பில் சதை இருப்பதுதான் சமாதானம் வந்ததற்கு அடையாளம். ஒரு வீட்டில் மாமியார் வாசலிலேயே என்னை மறித்தார். "என்ட வீட்டில சோறில்லையெண்டோ மருமகளை மெலியச் சொல்லுறியள்?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன. எங்கள் அலுவலகத்துக்கு ஊர் வைத்த பெயர் "மெலியிற கந்தோர்". நான் "மெலியிற கந்தோர் மிஸ்".

நடக்கச் சொன்னதும் அப்படித்தான். வயலுக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம்; சும்மா நடக்க எந்தப் பெண்ணுக்கு ஏலும்? "எங்கை போறாய்?" என்று ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று கேட்பார்கள். அதனால், முகாமில் இருந்து திரும்பின ஊர்களில் ஒன்றான சம்பூரில், எங்கள் பெண்கள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் போவார்கள், திரும்பி வருவார்கள், குடம் வெறுமையாகவே இருக்கும். இதை நான் சொன்னபோது டொக்டர் சிரிக்கவில்லை. "குடத்தைப் பிடிக்கிற கையை மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுங்கோ, இடுப்பு நோகும்" என்றார்.

அவர் அப்படித்தான். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வெளியே கழற்றி ஒழுங்காகச் சோடி சேர்த்து வைப்பார். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கனநேரம் துடைத்தால் கனக்கக் கோபம். காலையில் வாகனம் புறப்படுமுன் தராசை நிலத்தில் வைத்து, நிறை தெரிந்த இரும்புக்கட்டியை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பார். "தராசு பொய் சொன்னால் பிறகு எங்களில ஆர் உண்மை சொல்லியும் பிரயோசனமில்லை" என்பார். மண்தரை வீடுகளுக்காகப் பலகை ஒன்று கொண்டு போவோம். பலகையைப் போட்டு, அது ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்து, பிறகுதான் தராசு. செருப்பு கழற்ற வேண்டும், கைப்பை வைக்க வேண்டும், தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லக்கூடாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு.

கேள்வி கேட்பதைத்தான் அவர் ஆகக் கவனமாகப் பழக்கினார். முந்தின நாள் எழும்பினதில் இருந்து படுக்கும் வரை என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். "மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் "ஓம், சாப்பிட்டனான்" என்று முடித்துவிடுவார்கள். "எழும்பினவுடன முதல்ல வாயில என்ன வைச்சனீங்கள்?" என்று தொடங்கி, கூடவே அந்த நாள் முழுக்க நடந்து வர வேண்டும். சோறு எத்தனை அகப்பை, மீன் நெருப்புப்பெட்டி அளவோ அதைவிடப் பெரிதோ, தேங்காய்ப்பால் சொதி சோற்றைக் குழைக்கிற அளவோ ஒரு கரண்டியோ என்று. தேத்தண்ணியை எங்கள் பெண்கள் சாப்பாட்டில் சேர்க்கவே மாட்டார்கள். சட்டியில் ஒட்டின மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டதையும் சேர்க்கமாட்டார்கள். அது கழுவுகிற வேலையில் சேர்ந்தது. எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கேட்டு எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முகம். "முகத்தைப் பூட்டி வையுங்கோ மிஸ்" என்பார் டொக்டர். கீரை என்றதும் "அட நல்லது" என்று சொன்னால், அடுத்த முறை சம்பூர் முழுக்கக் கீரைதான் சாப்பிட்டிருக்கும். புருவம் உயர்ந்தால் கேக் துண்டு மறைந்துவிடும். ஆகவே எதைக் கேட்டாலும் ஒரே முகம். இன்னொரு கட்டளையும் உண்டு. "யுத்தத்தைப் பற்றி நீங்களாகக் கேட்கக்கூடாது. அவையாகச் சொன்னால் பேனையை வைச்சுப்போட்டுக் கேளுங்கோ."

வீட்டுக்கு வீடு தேத்தண்ணியும் பலகாரமும் தருவார்கள். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். மெலிய வைக்கப் போன நான் கொழுத்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் தராசைச் சரிபார்க்க என்னையும் ஏறச் சொன்ன டொக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, "மிஸ் ஜெசிந்தா, ஆய்வுக்கு ஆள் குறைஞ்சால் உங்களிட்டைக் கேக்கிறன்" என்றார். அவர் எனக்குச் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

இனி யோகக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சம்பூரில் என்னிடம் தரப்பட்ட பெண்களில் யோகேஸ்வரி என்கிற யோகக்காவும் ஒருவர். பெரிய உடம்பு, பெரிய சத்தம், சிரித்தால் உட்கார்ந்திருக்கிற கதிரையும் சேர்ந்து ஆடும். பசு வைத்துத் தயிர் போட்டு விற்றார். பசுக்களுக்கு அவர் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஏலாது. கண் கிளினிக்கில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள், சீனி இப்படியே நின்றால் பார்வை போய்விடும் என்று. இடது கண் ஏற்கெனவே மங்கல். முதல் நாள் பெயர் பதிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, நீங்கள் சொல்லுறதெல்லாம் செய்வன். எனக்கு மெலியவும் வேண்டாம், வடிவும் வேண்டாம். என்ட மகன்ட முகத்தைப் பாக்கிறதுக்குக் கண் இருந்தால் போதும்" என்றார். எந்தத் தாயும் சொல்லக்கூடிய கதைதானே. வீட்டில் யார் யார் என்று கேட்டேன். நானும் மகனும் என்றார். மகன் எங்கே என்றதற்கு, "ரூபன் வெளியில போயிருக்கிறான், பின்னேர பஸ்ஸுக்கு வரவேணும்" என்றார். எங்கோ வேலைக்குப் போய் வருகிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடியே செய்தார். எல்லோருக்கும் முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவர்தான். குழாய்க்குப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரை வரை போய்விடுவார். அங்கே நின்றால் குடாவுக்கு அப்பால் துறைமுகமும் மலையும் தெரியும். "அங்கை பாரும், உம்மட ஊர் தெரியுது" என்று எனக்குக் காட்டுவார். காலையில் கொஞ்சம் பிட்டு, மத்தியானம் குறைந்த சோறு, கீரை, இரவில் இரண்டு இடியப்பம். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஒவ்வொரு முறையும் நான் முழுநாளையும் துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றுக்கொன்று முரண்படாமல் சொன்னார்.

ஆனால் தராசு அசையவில்லை. மற்றப் பெண்களுக்கு மெல்ல மெல்ல இறங்கியது. யோகக்கா நின்ற இடத்திலேயே நின்றார். சீனியும் இறங்கவில்லை. கண் கிளினிக்கில் அடுத்த முறை பார்த்தபோது வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது என்றார்கள். அன்றைக்கு அவர் என்னிடம், "நான் எங்கை பிழை விடுறன் தங்கச்சி? சொல்லுமன்" என்று கேட்டார். அந்தப் பெரிய சத்தம் அன்று எங்கோ போயிருந்தது.

கந்தோரில் ஒருவர், "அந்த மனிசி பொய் சொல்லுது" என்றார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ சாப்பிட்டதெண்டு நினைக்கிறதை அவ சொல்லுறா. நாங்கள் கேக்கத் தெரியாமல் நிக்கிறம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

விடை ஒரு மழைநாளில் கிடைத்தது. என்னை ஏற்ற வர வேண்டிய வாகனம் கிண்ணியாப் பக்கம் எங்கோ நின்றுவிட்டது. யோகக்கா வீட்டிலேயே தங்கினேன். குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தது. முன்பும் பலமுறை கண்டிருக்கிறேன். மகனுக்கு எடுத்து வைத்த மத்தியானச் சோறு. பொழுதுபடுகிற நேரம் மூதூரில் இருந்து வருகிற கடைசி பஸ்ஸின் சத்தம் கேட்டது. யோகக்கா எழுந்து வாசலுக்குப் போய், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நின்று பார்த்தார். பஸ் நின்றது, யாரோ இறங்கினார்கள், வேறு திசையில் போனார்கள். அவர் உள்ளே வந்தார். மூடியிருந்த தட்டை எடுத்துத் திறந்தார்.

குவித்த சோறு. பாரை மீனில் நடுத்துண்டு. சோறு மிதக்கிற அளவு சொதி. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர், மேலே சீனி. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.

"மகன் வரேல்லையோ அக்கா?"

"இண்டைக்கும் வரேல்லை."

அந்த "இண்டைக்கும்" என் காதில் விழுந்ததும் பேனையை வைத்தேன். அவராகவே சொன்னார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடின நேரம், விட்டுவிட்டு வந்த மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவன் ரூபன். பிறகு வரவில்லை. முகாம் முகாமாகத் தேடி, கந்தோர் கந்தோராக ஏறி, ஒருவரிடமும் விடை இல்லை. சொந்த வளவுக்குத் திரும்பி வந்து முதல் உலை வைத்த நாளில் இருந்து அவனுக்கும் சேர்த்துத்தான் போடுகிறார். கடைசி பஸ் போகும்வரை அது அவன் சாப்பாடு. ஊருக்கே தெரிந்த கதை. எனக்கும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

"இதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே அக்கா?"

"நீர் நான் சாப்பிட்டதைத்தானே கேட்டனீர்? இது அவன்ட சோறு."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பக்கத்து வளவில் இருந்த அவருடைய தம்பியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். சோற்றை எடுத்த அவர் கை அந்தரத்தில் நின்றது.

"ஒருத்தன்ட பேரில சமைச்சு இன்னொருத்தருக்குக் குடுக்கிறது எப்ப எண்டு உமக்குத் தெரியாதே? அது செத்தவைக்குச் செய்யிறது."

கொட்டவும் ஏலாது. முகாமில் ஒரு பிடி சோற்றுக்கு வரிசையில் நின்றவர், சோற்றைக் கொட்டுவாரா? கொடுக்கவும் ஏலாது, கொட்டவும் ஏலாது என்றால் மிச்சம் இருப்பது ஒரே வழி. மகன் முகத்தைப் பார்க்கக் கண் வேண்டும் என்று பகலெல்லாம் நடந்தவர், மகனின் சோற்றைத் தின்று அந்தக் கண்ணை இழந்துகொண்டிருந்தார். முகத்தைப் பூட்டி வை என்று டொக்டர் சொன்னது நினைவிருந்தது. என்னால் பூட்ட முடியவில்லை. அழுதுவிட்டேன். அவர்தான் என் முதுகைத் தடவினார்.

அடுத்த நாள் டொக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைத் தொடவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "தட்டில என்னென்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்தக் கிழமையே அவரும் சம்பூருக்கு வந்தார். வழமைபோலச் செருப்பைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்துவிட்டு, யோகக்கா இழுத்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்தார். தந்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்தார்.

"அம்மா, மகனுக்குச் சாப்பாட்டில என்ன விருப்பம்?"

யோகக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒருவர் கேட்டுப் பலகாலம் ஆகியிருக்க வேண்டும். பிறகு தொடங்கினார். மீன் இல்லாமல் ரூபனுக்குச் சோறு இறங்காது. நடுத்துண்டு வேண்டும். சொதி வெள்ளமாக விட வேண்டும். தயிர் என்றால் சீனி போட்டுத்தான். "மாட்டுக்குப் பின்னால ஓடுற பெடியன் டொக்டர். ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிடுவான்."

"போகேக்க அவருக்கு என்ன வயது?"

"பத்தொம்பது முடிஞ்சிருந்தது."

"இப்ப?"

யோகக்கா விரல்களை மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். "முப்பது தாண்டியிருக்கும்" என்றார் மெல்ல.

"உங்களுக்குச் சீனி. உங்கட அம்மாவுக்கும் இருந்ததெண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லியிருக்கிறீங்கள். அப்ப அவருக்கும் வரலாம். முப்பது தாண்டின ஆம்பிளைக்கு இவ்வளவு சோறும் சீனித் தயிரும் வைக்கலாமோ?"

வெளியில் பசு கத்தியது, யோகக்கா காதில் அது விழவில்லை. "ஐயோ, நான் அவனை இன்னும் சின்னப் பெடியனெண்டெல்லோ வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டொக்டர் காத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் யோகக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவனுக்கு எவ்வளவு வைக்க?"

டொக்டர் ஒரு தட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலால் கோடு போட்டுக் காட்டினார். பாதித் தட்டு கீரையும் மரக்கறியும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, மற்றக் கால்வாசி மீன். சொதி இரண்டு கரண்டி. தயிர் வைக்கலாம், சீனி வேண்டாம்.

"சீனி இல்லாமல் அவன் தொடமாட்டான் டொக்டர்."

"பழகுவார். நீங்கள் பழகேல்லையோ?" என்றார். பிறகு, "ராவைக்கு நீங்கள் வேற ஒண்டும் சாப்பிட வேண்டாம். பஸ் போனாப்பிறகு அவர்ட தட்டை எடுங்கோ. அதுதான் உங்கட ராச்சாப்பாடு" என்றார்.

"பஸ் போனாப்பிறகு?"

"ஓம். பஸ் போனாப்பிறகுதான்."

திரும்பி வரும்போது வாகனத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "டொக்டர், அவர் வருவாரெண்டு நீங்கள் நம்புறீங்களோ?" என்று கேட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "நான் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைச்சனான் மிஸ்" என்றார். பாலத்தைத் தாண்டினதும் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் ஆகக்கூட நினைத்து ஏங்குகிறேன். யோகக்கா வீட்டில் எனக்கு இரண்டு பேருடைய சாப்பாடு கேட்கும் வேலை. அவருடையதைக் கேட்டு எழுதிவிட்டு, "ரூபனுக்கு?" என்பேன். "முருங்கையிலை வறை வைச்சன். முகத்தைச் சுழிப்பான், சுழிக்கட்டும்" என்பார். "வெண்டிக்காய் வைச்சனான். வழுவழுப்பு எண்டு தள்ளி வைக்கிற ஆள். முப்பது வயசாச்சு, இன்னும் என்ன தள்ளுறது?" என்று அவனைப் பேசுவார். நானும் சேர்ந்து பேசுவேன். நான் ஒருநாளும் காணாத ஒரு பெடியன் என் கண்ணுக்குள் வளர்ந்து, தொப்பை வைத்து, கீரையைக் கண்டு முறைக்கிற ஆம்பிளை ஆகிவிட்டான். தராசு இறங்கத் தொடங்கியது. சீனியும் இறங்கியது. வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் போனது போனதுதான்.

ஆய்வு முடிந்து, முடிவுகளைப் பெரிய மண்டபத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு கோடு. மேலே நின்று பிறகு கீழே இறங்கின ஒரு கோட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த டொக்டர் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தார். கைதட்டினார்கள், தேத்தண்ணி தந்தார்கள், கலைந்தோம். டொக்டர் இப்போது உயிரோடு இல்லை. செத்த வீட்டுக்கு யோகக்கா சம்பூரில் இருந்து பஸ் ஏறி வந்து ஒரு மூலையில் இருந்து அழுதார். யார் அந்த மனுஷி என்று டொக்டரின் ஆட்களுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. இப்படி எழுதும்போதும் அவர் இருக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

நிரோஷாவின் ஃபோன் வந்த கிழமையே நான் சம்பூருக்கு பஸ் ஏறினேன். வேலை இல்லை, தராசு இல்லை, சும்மா போனேன். யோகக்கா கிழண்டிருந்தார். பசு இல்லை; பார்க்க ஏலாது என்று கொடுத்துவிட்டாராம். பின்னேரம் வரை ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் குசினிக்குள் போய், மூடியிருந்த தட்டைக் கொண்டுவந்து திறந்து எனக்கு முன்னால் வைத்தார். பாதித் தட்டு கீரை, கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, ஒரு துண்டு மீன், சீனி இல்லாத தயிர்.

"இண்டைக்கு நீர் சாப்பிடும் தங்கச்சி."

குரல் வழமைபோலத்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆருக்கும் குடுக்கிறதில்லையே அக்கா?"

"எனக்கும் ஏலாமல் வருகுது. இன்னும் எத்தினை நாளைக்கெண்டு…" தட்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு விளங்கியது. ஒருத்தன் பேரில் சமைத்ததை இன்னொருத்தருக்குக் கொடுப்பது எப்போது என்று அன்றைக்கு அவரே சொன்னவர். நான் சாப்பிட்டால் அந்த மனுஷிக்கு ஒரு முடிவு கிடைக்கும், நிம்மதியாக நித்திரை கொள்ளும் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். டொக்டர் இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே எழும்பினேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தும் விட்டேன். கை தட்டுக்குப் போகவில்லை. இத்தனை காலம் "ரூபனுக்கு என்ன வைச்சனீங்கள்?" என்று கேட்டுக் கேட்டு, நானும் அவனுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எனக்கு அது அந்த நேரம்தான் தெரிந்தது.

"பஸ் இன்னும் வரேல்லையே அக்கா" என்றேன்.

யோகக்கா நிமிர்ந்து, பார்வையுள்ள கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் காலத்தில் சிரித்ததுபோல, கதிரை ஆட ஆடச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீர் என்னைவிட மோசம் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டு, தட்டை எடுத்துத் திரும்பவும் மூடி வைத்தார்.